எடைமேடை

பாடாங் செராயைத் தாண்டி
செம்பனை ஆலையின் எடைமேடையில் எனக்கு வேலை.
குலையோடு வரும்போது ஓர் எண்,
வெறும் லாரியாய்த் திரும்பும்போது ஓர் எண்.
கழித்தால் சரக்கு.
பன்னிரண்டு வருடத்தில் தப்பு வந்ததில்லை.

அதனால்தான் கூடைப்பந்துக் குழுவில்
புள்ளி நோட்டும் என்னிடம்,
பணப்பெட்டியும் என்னிடம்,
அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி
ஐந்தாவது ஓட்டும் என்னிடம்.

சுங்கை பட்டாணிக்காரர்கள் கேட்டிருந்தார்கள்:
தர்வினைக் கொடுங்கள்.
பதிலுக்கு ஆறடி நாலங்குலத்தில் ஒருத்தன்,
தூரத்திலிருந்து எறிந்தால் வலைக்குள் விழ வைக்கிற இன்னொருத்தன்,
மைதானத்துக்கு நாலு விளக்கு.

ஹஸ்னுல் விளக்கைப் பற்றியே பேசினான்.
'தெற்குக் கூடையில பந்து விழுந்துச்சா இல்லையான்னு
சத்தத்தை வெச்சுத்தானே சொல்றோம்?'

தவ்கே செங், தோட்டத்துத் தமிழிலேயே:
'ஒண்ணுக்கு ரெண்டு.
என் ஆணிக்கடைக்கு இப்படி வந்தா நான் யோசிப்பேனா?'

'யோசிக்கணும் தவ்கே' என்றார் சவரிமுத்து,
'அவன் ஏன் ரெண்டு தர்றான்?'

யாரோ மைலோ ஐஸைக் கலக்கிக்கொண்டே இருந்தார்கள்.

பயிற்சியாளர் ஓங் குரலைத் தாழ்த்தினார்.
'பையனுக்கு இடது முட்டி.
பத்தொன்பது வயசுலயே ஐஸ் கட்டித்தான் தூங்குறான்.
விலை இருக்கும்போதே...'

விலை என்ற சொல்
மேசை மேல் விழுந்து உருண்டது.
யாரும் குனிந்து எடுக்கவில்லை.

நான் நோட்டைப் புரட்டினேன்.
ஆட்டத்துக்கு இருபத்திரண்டு புள்ளி, சரி.
கூலிம் ஆட்டத்தில், கடைசி ஒன்பது விநாடியில்,
தானே போட்டிருக்கலாம்;
பருவம் முழுக்கப் பெஞ்சில் கிடந்த பழனிவேலுக்குத் தள்ளினான்.
பந்து வளையத்தில் இடித்து வெளியே வந்தது.
தோற்றோம்.
அதை எழுத என் நோட்டில் கட்டம் இல்லை.

அப்போதுதான் அவன் வந்தான்,
மைதானச் சாவி கேட்டு.
சட்டையெல்லாம் செம்பனை எண்ணெய்,
கையில் முள் குத்திய தழும்பு.
எல்லாம் தெரியும் என்பது முகத்தில் இருந்தது.
'போகணுமா' என்று கேட்கவில்லை.
'அங்க தரை சிமெண்டா, மரமா?'

'மரம்' என்றார் ஓங்.

'ம்.'

சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிறகு ஓட்டு.
செங், ஹஸ்னுல்: கொடுக்கலாம்.
சவரிமுத்து: வேண்டாம்.
விலை என்று சொன்ன ஓங்கும் வேண்டாம் என்றே கை தூக்கினார்,
எங்களைப் பார்க்காமல்.

வெளியே தெற்குக் கூடையின் இருட்டில்
பந்து ஒரு தடவை தட்டியது.
அப்புறம் சத்தமே இல்லை.
வலைக்குள் போயிருக்க வேண்டும்.

'போகட்டும்' என்றேன், 'மரத்தரைக்கு.
ஆனா விளக்கு வேணாம்.
விளக்கை நாம போட்டுக்கலாம்.'

அவனுக்குப் பதில் ஆள் வரட்டும்,
பல்பு வரக் கூடாது என்று
எனக்கு ஏன் தோன்றியதோ.
ஹஸ்னுல் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.
'பெரிய நியாயஸ்தி' என்றானாம் கடையில்.
இருக்கலாம். விளக்கு இன்னும் போடவில்லை.

புதியவன் ஆறடி நாலங்குலம் உண்மைதான்.
கதவில் இடித்துக்கொள்கிறான்,
சிரிக்கிறான், நல்லவன்.
தூரத்திலிருந்து எறிபவன் இன்னும் வரவில்லை.

தர்வின் உதவியாளாய் உட்கார்ந்து வரும் லாரி
திங்கட்கிழமை அவன் இல்லாமல் வந்தது.
குலையை இறக்கிவிட்டு மேடை ஏறியபோது
வெறும் எடை எழுபது கிலோ குறைவு.
'மெஷின் கெட்டுப்போச்சா?' என்றார் மேனேஜர்.
'இல்ல சார், சரியா இருக்கு.'

சரக்குக் கணக்கில் மாற்றமில்லை.
வரும்போதும் இல்லை, போகும்போதும் இல்லை,
அதனால் கழிந்துவிடுகிறது.

சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
அடுத்த லாரி ஹாரன் அடித்தது.